அக்காவின் கொடி ரோஜாவைத் தோண்டச் சொன்னவர்

மாமா, அக்காவின் நோய்க்கு அந்த ரோஜாச் செடிதான் காரணம் என்று நீங்கள் சொன்னது பொய். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி சொன்னீர்கள். கல்லறைத் தோட்டத்துச் செடியை வீட்டில் வைத்ததால் வந்த வினை என்றீர்கள். இப்போது அந்தச் செடியைத் தோண்டி எறிந்தால்தான் ஆண்டுத் திதிக்கு வருவேன் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறீர்கள். அத்தானும் தலையாட்டிவிட்டார். திதிக்கு முந்தின சனிக்கிழமை தோண்டுவதாகப் பேச்சு.

நினைவு மலரைத் திதியன்று கையில் கொடுப்பதுதான் வழக்கம். நான் அதற்கு முன்பே எல்லோருக்கும் தபாலில் அனுப்புகிறேன். காரணம் அந்தச் சனிக்கிழமைதான். இப்படியெல்லாம் நினைவு மலரில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். அக்காவைப் பற்றி எழுது என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். அந்தச் செடியை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அக்கா விருதுநகரில் பிறந்தவர். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வயதில் அப்பா இறந்துபோனார். அம்மாவையும் எங்கள் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டவர் அம்மாவின் அண்ணனான இதே மாமாதான். அக்காவை மதுரைக்கு அனுப்பி பார்மசி படிக்க வைத்தவரும் அவர்தான். இதை நான் மறைக்கவில்லை. இதனால்தான் எங்கள் வீட்டில் யாரும் அவர் முன்னால் வாய் திறப்பதில்லை. அக்காவும் திறந்ததில்லை.

கல்யாணமாகி டெக்சாஸ் வந்தபோது ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி படித்தார், தேர்வு எழுதினார், ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர் ஆனார். கச்சா எண்ணெய் விலை விழுந்து, எண்ணெய்க் கம்பெனியில் அத்தானுக்கு வேலை போனபோது அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அத்தானுக்கு மறுபடி வேலை கிடைத்தபின் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் வீடு வாங்கினார்கள். பின்பக்கம் முழுக்க மர வேலி, நல்ல வெயில். "உங்கக்கா கிச்சனைக்கூட ஒழுங்கா பாக்கல. வேலியப் பாத்துட்டு இந்த வீடுதான்னுட்டா" என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த வேலியில் ஏற்றத்தான் கொடி ரோஜா தேடினார். பெரிய கடைகளின் தோட்டப் பிரிவில் விற்கும் ரோஜாக்களை அவர் தொடவே மாட்டார். ஹூஸ்டனின் ஈரக் காற்றுக்கு அந்த இலைகளெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்துவிடும், வாரா வாரம் மருந்தடிக்க வேண்டும். "ஆஸ்பத்திரியில நாள் முழுக்க மருந்து குடுக்கிறேன். வீட்டுக்கு வந்து செடிக்கும் குடுக்கணுமா?" என்பார். இந்த வெக்கையில் மருந்தில்லாமல் தழைப்பவை பழைய காலத்து வகைகள். அவற்றை வளர்த்து விற்கும் நர்சரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

முதலில் அவர் ஆசைப்பட்டது 'ரேவ் தோர்' என்ற பிரெஞ்சு ரோஜா. சந்தன மஞ்சள் நிறம், முள் குறைவு, வருடத்தில் பல முறை பூக்கும். காத்திருப்போர் வரிசையில் பெயர் கொடுத்து, வேறு மாநிலத்திலிருந்து வரவழைத்தார். செடி வேலியில் நன்றாக ஏறியது. கடைசியில் பூத்தது கருஞ்சிவப்பில். மேலே ஒட்டுக் கட்டிய செடி செத்துப்போய், கீழ்வேர்ச் செடி தழைத்திருக்கிறது. அக்கா நர்சரிக்குப் போன் செய்தார். நான் அன்று ஆஸ்டினிலிருந்து வந்திருந்தேன். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாரி சொல்றாங்கடா. பொண்ணு பாத்தது அக்காவ, மணவறையில உக்காந்திருக்கிறது தங்கச்சி." அதன்பின் ஒட்டுச் செடியே வாங்கியதில்லை. சொந்த வேரில் வளர்ந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பழைய ரோஜாக்களைத் தேடித் திரியும் ஒரு குழுவினர் அவருக்குப் பழக்கமானார்கள். ஆளில்லாத பண்ணை வீடுகள், பழைய தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்கள், இவைதான் அவர்கள் போகும் இடங்கள். அந்தக் காலத்தில் யாரோ கல்லறை ஓரம் நட்டுவிட்டுப் போன ரோஜா, தண்ணீர் விட ஆளில்லாமலே இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். உரியவர்களிடம் கேட்டு, சில குச்சிகள் மட்டும் வெட்டிவந்து வேர் பிடிக்க வைப்பார்கள். செடியைத் தோண்ட மாட்டார்கள். அது அவர்களுடைய கண்டிப்பான விதி. பெயர் தெரியாவிட்டால் கண்டெடுத்த இடத்தின் பெயரைச் செடிக்கு வைப்பார்கள்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவேயை விட்டு இறங்கி, பருத்திக் காடுகளைத் தாண்டி, ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்து வேலி முழுக்க ஒரு கொடி ரோஜா கிடந்தது. குங்குமப்பூ போட்ட பாலின் நிறத்தில் பூ. இலையில் ஒரு புள்ளி இல்லை. அக்கா காரை விட்டு இறங்கியதும் நேரே வேலிக்குப் போய் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, கல்லறையில போய்த் திருடுறோம். போலீஸ் வரப்போகுது."

"திருடலடா, கேட்டு எடுக்கிறோம். நீ கூலர தூக்கிட்டு வா."

புல் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், நானும் வருடா வருடம் வெட்டுகிறேன், அது போகிற மாதிரி இல்லை என்றார். அக்கா பென்சில் பருமனில் பார்த்துப் பார்த்து வெட்டினார். ஈர நியூஸ் பேப்பரில் சுற்றி, கூலரில் தயிர் சாத டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

மாமா சொல்வதுபோல அக்கா ஒன்றும் சாஸ்திரம் தெரியாதவர் அல்ல. வீட்டுக்கு வந்ததும் என்னை உள்ளே விடவில்லை. பின்பக்கம் தோட்டத்து ஹோஸைத் திறந்து, அந்தக் குளிரில் என் தலையில் தண்ணீர் விட்டார். தன் தலையிலும் விட்டுக்கொண்டார். பிறகு அந்தக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டினார். "தீட்டுப் போச்சு. இனிமே ஒருத்தரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார். அடியை வெட்டிய பிளாஸ்டிக் பால் கேனைக் குச்சிகள்மேல் கவிழ்த்து மூடி வைத்தார். பெரும்பாலானவை வேர் விட்டன.

செடி பூத்ததும் முதல் பூவைச் சாமிக்கு வைத்தார். அன்று மாமா வந்திருந்தார். அவர் தன் மகன் வீட்டில், அதே சுகர் லேண்டில்தான் இருக்கிறார். எங்கே வாங்கினாய் என்று கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னார்.

"ஏம்மா, செத்தவங்க தலமாட்டுல கெடந்ததையா கொண்டு வந்து வீட்டுல வச்சிருக்க? படிச்ச புள்ளதான நீ?"

"குளிப்பாட்டித்தான் மாமா உள்ள விட்டேன்."

மாமா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடாமலே போனார்.

ஆனால் மறு வருடம் அவரே வந்து கேட்டார். மகன் வீட்டுப் பின்பக்கம் புதிதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். "ஒன் வேலியில கெடக்குல்ல, அதுல ஒரு குச்சி வேர் பிடிக்கப் போட்டுக் குடும்மா. வேற எதுவும் இந்த ஊருல நிக்க மாட்டேங்குது" என்றார். அக்கா கொடுத்தார். தானே போய்க் குழி வெட்டி நட்டும் கொடுத்தார். மின்சாரம் நின்று டெக்சாஸே உறைந்த அந்தக் குளிரின்போது மாமா போன் செய்து, "செடிக்குக் குளிருமா?" என்று கேட்டார். அக்கா இரண்டு கம்பளிகளை அனுப்பினார். அக்கா வீட்டுச் செடியும் மாமா வீட்டுச் செடியும் பிழைத்தன. அக்கா மற்றவர்களுக்குக் கொடுத்த செடிகள் அந்தக் குளிரில் போய்விட்டன.

தாய்ச்செடியும் இப்போது இல்லை. தேவாலயத்தில் பழைய வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டபோது எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். பெயர் தெரியாத ரோஜா என்பதால் எந்த நர்சரியிலும் கிடைக்காது. அக்கா வீட்டில் ஒன்று, மாமா வீட்டில் ஒன்று. வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு நோய் வந்தபோது மருத்துவர் எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். இது அம்மா வழியில் வருவது என்றார். எங்கள் அம்மா இதே புற்றுநோயில்தான் போனார். மாமா, அவர் உங்கள் கூடப்பிறந்த தங்கை. அவர் இறந்தது விருதுநகரில். அந்த வீட்டில் என்ன ரோஜா இருந்தது? மருத்துவர் சொன்னபோது அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள்.

கடைசி மாதங்களில் அக்கா சந்தோஷமாகத்தான் இருந்தார். சொன்னால் நம்ப மாட்டார்கள். சிகிச்சை முடிந்து வந்தால் பின்பக்கம் நாற்காலி போட்டு, வேலியைப் பார்த்து உட்காருவார். மகள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, விச் ஒன் ஃபர்ஸ்ட்?" என்பாள். "கல்லறையில பொறந்ததுக்கு மொதல்ல ஊத்து, அது கோபக்காரி, உங்க மாமன் மாதிரி" என்று என்னைக் காட்டுவார். இறப்பதற்கு முன்னால் வந்த வசந்தத்தில் அது வேலி தெரியாமல் பூத்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தானின் தங்கைக்கும், சிகிச்சைக்குக் கூட்டிப்போய் வந்த நண்பர்களுக்கும், கையில் செடிகளோடு துக்கம் கேட்க வந்த ரோஜாக் குழுவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதை நான் ஒப்புக்கு எழுதவில்லை.

மாமா, உங்களுக்கும் நன்றி உண்டு. எங்களை வளர்த்தீர்கள். அதற்காக அக்கா தன் தவறால் செத்தார் என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முருகன் படத்துக்குக் குங்குமப்பூ போட்ட பாலின் நிறத்தில் ஒரு ரோஜாவை வைத்துப் போட்டோ போடுகிறீர்கள். ஊரில் இருக்கும் அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டுப் பதில் போடுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமையும் போடுவீர்கள். அத்தான் மண்வெட்டியை எடுப்பதற்கு முந்தின நாள் அது. அந்தப் பூவை எந்தச் செடியில் பறித்தீர்கள், அந்தச் செடி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று போட்டோவுக்குக் கீழே எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள்.