யானை இல்லை என்கிறது என் பக்கம்

தேவாரம் ஊர்ப் பக்கம் மலையிலிருந்து யானை இறங்கியிருக்கிறதா என்று தினமும் சாயங்காலம் என் வலைப்பூவில் எழுதுகிறேன். திறக்கவே மாட்டேனென்கிறது என்று எல்லோரும் திட்டியதால், போன வாரம் முழுப் பக்கத்தையும் கேஷ் செய்து, அதாவது நகலெடுத்து, சிடிஎன் என்ற ஏற்பாட்டில் ஊர் ஊராக உள்ள சர்வர்களில் வைத்தேன்; படிப்பவருக்குப் பக்கத்து ஊர் நகலே போய்விடும். தட்டியதும் திறந்தது. எனக்கே பெருமை.

இன்று காலை போடி பஸ் ஸ்டாண்டில் தேவாரத்து மக்காச்சோள விவசாயி ஒருவர், எனக்கு அண்ணன் முறை, கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நேத்து உன் பக்கத்துல ஆனை இல்லைன்னு பாத்துட்டுத்தேன் காவலுக்குப் போகாம படுத்தேன். சோளம் பூராம் போச்சுப்பா."

யானை இறங்கிவிட்டது என்றுதான் நேற்று எழுதியிருந்தேன். அவர் பக்கத்து சர்வரில் நகல் புதுப்பிக்கப்படவில்லை; அவருக்குப் போனது முந்தாநாள் நகல்.

"நீங்க பாத்தது பழசுண்ணே."

"பழசா? இந்தா, இப்பத் தொறக்குறேன்."

தட்டினார். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது: யானை இல்லை.

"பழசா இருந்தா இம்புட்டு வெரசா வருமா?" என்றார். கிண்டலாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நகலையெல்லாம் அழித்துவிட்டேன். எந்த ஊர் சர்வரில் எது மிச்சமிருக்கிறதோ, தெரியவில்லை. மெதுவாக வந்த காலத்தில் உண்மையாவது வந்தது.

உங்கள் போனில் என்ன காட்டுகிறது, சொல்லுங்கள். இந்தப் பதிவையே என்றைக்குப் பார்க்கிறீர்களோ!