கட்டிலுக்கு மேலே ஒரு குளவிக்கூடு

எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் பெயின்ட்காரர் உள் அறையில் அதே இடத்தில் நின்று, "இந்த மண்ண பேத்துடவா?" என்று கேட்டார். இரண்டு தடவையும், "கைய வெச்சுப் பாருங்க, தெரியும்" என்றேன். மனிதர் வாயை மூடிக்கொண்டு அதைச் சுற்றி பிரஷ்ஷை ஓட்டினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குளவிக்கூடு அது. உள்ளே குடியிருந்தவர்கள் காலி செய்து எவ்வளவோ காலமாகிறது.

புதுப்பட்டினத்தில் கடலுக்குக் கிட்டே வீடு கட்டினால் காற்றுக்குக் குறைவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ஊரிலுள்ள பூச்சியெல்லாம் உரிமையோடு உள்ளே வரும். எனக்குப் பயம் கிடையாது, ஆனால் சட்டம் உண்டு. குளியலறை மூலையில் நூல்கால் சிலந்தி இருக்கலாம், கொசுவைப் பிடிக்கிறது. பீரோவுக்குப் பின்னால் உள்ளங்கை அகல எட்டுக்கால் பூச்சி இருக்கலாம், கரப்பானைத் தின்கிறது. வேலை செய்கிறவர்களுக்கு என் வீட்டில் இடம் உண்டு. வாடகை தராமல் சர்க்கரை டப்பாவுக்குள் குடும்பம் நடத்தும் எறும்புக்குக் கிடையாது. குளவியைக் கண்டால் மட்டும் எனக்கு அப்போதெல்லாம் ரத்தம் கொதிக்கும்.

காரணம் இருந்தது. வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும், கூட்டைக் கலைக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் அதைக் கேட்க எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் டாக்டர் டாக்டராக அலைந்தோம். ஒன்றும் தங்கவில்லை. குளவிகள் மட்டும் தவறாமல் வந்து கட்டின. வருகிறவர்கள் முதலில் கூட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பார்கள். "இன்னாம்மா, எதுனா விசேஷமா?" கேட்டவர்கள் போனதும் துடைப்பக்கட்டையை எடுத்து அந்த மண்ணை இடித்துத் தள்ளுவேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டதில்லை.

கடைசியில் தத்தெடுப்பது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். விண்ணப்பம் எழுதிப் போட்ட பிறகு, வீட்டையும் எங்களையும் பார்த்துப் பேச ஓர் அதிகாரியம்மா வருவார் என்று தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி என்றால்தான் மேற்கொண்டு நடக்கும். அவ்வளவு வருஷ அலைச்சலும் அந்த ஒரு காலை நேரத்துக்குள் வந்து நின்றது.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினேன். ஒட்டடை அடித்தேன், எறும்புப் புற்றுக்கு மஞ்சள் தூவினேன், ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் துடைத்தேன். உள் அறையில் ஒரு சின்னக் கட்டிலை முன்பே வாங்கிப் போட்டிருந்தோம். அதற்கு நேர் மேலே பார்த்தால், ஈரம் காயாத புது மண். ஒரு குளவி சாவகாசமாகப் பூசிக்கொண்டிருந்தது. நான் துடைப்பத்தோடு வருவதற்குள் என் கணவர் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"அத்த மட்டும் வுட்டுடும்மா."

"ஏன், அது உங்க மச்சானா?"

"குளவி கட்னா புள்ள வரும்னு சொல்றாங்கல்ல. இந்த நேரம் பாத்து கட்டிகினு கீது. கலைக்காத."

அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். மீட்டரில் முள் ஒரு கோடு நகர்ந்தால்கூட ஏன் என்று தெரியாமல் வீட்டுக்கு வரமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் குளவி ஜோசியம் பேசுகிறார். நன்றாகத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. துடைப்பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். மோர் குடித்தார், சமையலறையைப் பார்த்தார், உள் அறைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வழியாக ரீங்காரத்தோடு நுழைந்தது. அந்த அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

"குழந்தை படுக்குற எடத்துல குளவியா? கலைக்கலையா நீங்க?"

குழந்தை வரவேண்டும் என்று கூட்டை விட்டுவைத்து, அந்தக் கூட்டாலேயே குழந்தையைக் கோட்டைவிடப் போகிறோம் என்று நினைத்தேன். என் கணவர் அவசரமாக முன்னால் வந்தார்.

"இல்ல மேடம், அது யாரோ பெத்த புழுவ தூக்கினு வந்து, அதுங்கிட்ட பாடிப் பாடியே தன் புள்ளயா ஆக்கிக்கும்னு சொல்வாங்க. நாங்களும் அந்த மாரிதான்..."

அழகாகத்தான் சொன்னார். அந்த அம்மாவின் முகம்கூட இளகியது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். தப்பான பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

"அது தப்புங்க மேடம். அந்தப் புழு குளவிக்குஞ்சுக்குத் தீனி" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பகீர் என்கிறது. அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க குழந்தைய எப்படி வளர்ப்பீங்க?" என்று கேட்டார்.

"யாரையும் எங்கள மாரி ஆக்கறதுக்கு நாங்க கூட்டிகினு வரல மேடம். வர்ற புள்ள எப்படி இருக்குதோ அப்படியே எங்க புள்ள. மாறணும்னா நாங்கதான் மாறிக்கணும்." அதோடும் நிறுத்தவில்லை. "குளவி வேணாம்னா இப்பவே எடுத்துடறேன். அது தனியா கட்ற ஒத்தக் குளவி, கூட்ட மூடிட்டுப் போயிடும். சும்மா இருக்கறவங்கள கொட்டாது."

அந்த அம்மா கூட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

"கூடு இருக்கட்டும். கட்டிலை அந்தச் சுவர் பக்கம் நகர்த்திப் போடுங்க" என்றார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் கட்டிலை நகர்த்திவிட்டோம். அதன்பிறகும் காத்திருப்பு நீளமாகத்தான் இருந்தது. ஒருநாள் கூப்பிட்டார்கள். பஸ் ஏறிப் போனோம். திரும்பி வரும்போது என் மடியில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். பீரோவுக்குப் பின்னாலிருக்கும் எட்டுக்கால் பூச்சிக்குத் தினமும் டார்ச் அடித்து அட்டென்டன்ஸ் எடுக்கிறாள். போன மாதம் கூடுவாஞ்சேரியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். சுவரிலிருந்த மண்ணைக் காட்டி, "இந்தக் குளவி வந்த ராசிதாண்டி நீ வந்த" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அது தப்பு அத்தை. குளவி அது குஞ்சுக்குத்தான் வூடு கட்டிச்சு. என்னய எங்கம்மாவும் அப்பாவும் பஸ் புடிச்சி வந்து கூட்டினு வந்தாங்க."

இடுப்பில் கை. மோவாய் மேலே. தப்பான பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாத அந்த வாய். நாத்தனார் என்னைப் பார்த்தார். என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார்.

"பாடிப் பாடியே தன் புள்ளயா ஆக்கிக்கும்னு நான் சொன்னத தப்புன்னியே. இப்ப இன்னா சொல்ற?"

எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் பெருமை தாங்காமல் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.