ரங்கூனுக்கு அனுப்பிய குடுக்கைகள்

பெரிய மாமாவின் பேச்சைக் கேட்டு உருப்படாமல் போனவர்களில் முதல் ஆள் நான்தான். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போய், சண்டை வந்ததும் கொல்லிமலைக்கே திரும்பி வந்தவர் அவர். வாயைத் திறந்தால் கடல்தான். கடலுக்குள்ளே ஆறு ஓடுகிறதாம். ஓரிடத்தில் வாளியை இறக்கினால் தண்ணீர் வெதுவெதுப்பாக வருமாம், கொஞ்சம் தள்ளி இறக்கினால் கை விறைக்குமாம். வெயில் காய்ந்த தண்ணீர் குளிர் தேசங்களுக்கு ஓடிப்போய்ச் சூடு கொடுக்கிறதாம். மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களிடம் இதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அப்பா ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தார். அங்கே குண்டு விழுந்த பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. கப்பல் ஏறிவிட்டார் என்று யாரோ சொன்னதோடு சரி. ஆடிக் காற்றில் கடலாறு ரங்கூன் பக்கம் ஓடும் என்று மாமா சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஓடை ஐயாற்றில் விழுகிறது, ஐயாறு காவிரிக்கும் காவிரி கடலுக்கும் போகிறது. அப்புறம் என்ன? அப்பா கப்பலில் இருந்தாலும் கண்ணில் படும். அம்மா விதை போட்டுவைக்கும் சுரைக்குடுக்கைகளில் கொஞ்சம் தேனை ஊற்றி, வாயை மெழுகால் அடைத்து, ஒவ்வொன்றாக ஓடையில் விட்டேன்.

"குடுக்கைக்கு என்ன காலா மொளச்சுது?" என்று அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். போட்டுவைக்க இடமில்லாமல் சாமை விதையில் பாதி எறும்புக்குப் போயிற்று.

ஒருநாள் துணி துவைக்கப் போன அம்மா ஓடையிலிருந்து கத்தினாள். மாமாவும் நானும் ஓடினோம். பாறைக்குக் கீழே மடுவில் என் குடுக்கைகள் அத்தனையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொங்கின. மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"ரங்கூன் போகும்னீங்களே மாமா! நம்ம ஊரையே தாண்டலீங்களே!"

மாமா அசரவில்லை. "சுழியில மாட்டிக்கிச்சு கண்ணு. கடல்லயும் இப்படித்தான், நம்ம மலை அகலத்துக்குச் சுழி இருக்குது. மாட்டுனது மாசக்கணக்கா அங்கயே சுத்தும். அப்பறம் ஒருநா அதுவா வெளிய வந்துரும்."

என்னை அடிக்க அம்மா ஓங்கிய விளார் அப்படியே நின்றது.

"வந்துருமுங்களாண்ணா?"

"வந்துரும்."

"எத்தன மாசம் ஆகுமுங்க?"

மாமா நான் இழுத்த வேட்டியைச் சரிசெய்யத் தொடங்கினார். எனக்கோ எரிச்சலான எரிச்சல். குடுக்கைகள் கைக்கெட்டும் தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு கொம்பை நீட்டி இழுத்தால் வந்துவிடும். இதற்குப் போய் எத்தனை மாதம் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாளே, இதுகூடவா அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.