விழாவைப் பூட்டிய அம்மாக்கண்ணு

தோட்டத்து மண்டபத்தின் சாவி அம்மாக்கண்ணுவிடம்தான் இருக்கும். பல தோட்டங்களில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்து முட்டி தேய்ந்தபின், இந்தத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கொடுத்த வேலை அது. கல்யாணமோ கருமாதியோ, என்ன ஏது என்று நாலு கேள்வி கேட்காமல் அவள் யாருக்கும் கதவு திறந்ததில்லை.

ஈப்போவில் புத்தகக் கடை வைத்திருந்த குகனேஸ்வரன் ஒருநாள் வேனில் வந்து இறங்கினான். "இங்க புத்தகத் திருவிழா வைக்கப் போறோம்மா, ரெண்டு நாளு" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"தானா ராத்தா டவுன்ல வைக்க வேண்டியதுதானே? அங்கதான் டூரிஸ்ட்டு வர்றான்."

"டூரிஸ்ட்டுக்கு இல்லம்மா. உங்களுக்குத்தான்."

"எங்களுக்கு எதுக்குலா?"

அவன் கால் மணி நேரம் விளக்கினான். உள்நோக்கம் ஒன்றும் இல்லாதவன் இவ்வளவு பேச மாட்டானே என்று அவளுக்குப் பட்டது. கல்யாணத்துக்கே வாடகை கேட்கிற துரை, இதற்கு மண்டபத்தை இனாமாகக் கொடுத்துவிட்டார் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னபோது சந்தேகம் இன்னும் வலுத்தது. கூடாரமும் நாற்காலியும் குலுக்கல் பரிசும் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று தருகிறதாம். என்ன கம்பெனி என்று கேட்டாள். வீடு கட்டி விற்கிற கம்பெனியாம்.

இப்படி இனாமாக வந்த ஒன்றை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் புருஷன் முருகையாவும் ரிங்லெட் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தார்கள். கண் பரிசோதனை, இலவசக் கண்ணாடி என்று சிலர் வந்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆறு மாதம் கழித்து, குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சம்மதித்ததாக அதே தாள் திரும்பி வந்தது. முதல் கையெழுத்து முருகையாவுடையது. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போட்டார்கள். இருபத்திரண்டு குடும்பம் திசைக்கொன்றாகப் போயிற்று. சில குடும்பங்கள் இவர்களோடு இந்தத் தோட்டத்துக்கே வந்தன. அவர்கள் இன்றைக்கும் முருகையாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குகனேஸ்வரன் வந்தபோதெல்லாம் அவள் விளக்குமாற்றோடு பின்னாலேயே திரிந்தாள். அவன் லயத்தைப் போட்டோ எடுத்தால், "எதுக்கு?" வீடு எத்தனை என்று விசாரித்தால், "அது உனக்கு எதுக்கு?" பக்கத்து வீட்டு மலர் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கே எரிச்சல் வந்துவிட்டது. "பாவம்க்கா அந்த ஆளு. புத்தகம்தானே கொண்டு வர்றாரு."

"கண்ணாடியுந்தான் கொண்டாந்தானுங்க."

விழா நாள் சனிக்கிழமை. காலையில் மூட்டமும் தூறலும். தோட்டத்துச் சனம் குடையோடு வந்து நின்றது. திரிங்காப் ஊரிலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் விழா பார்க்க வந்து இறங்கினார்கள். வாசல் மேசையில், பரிசுக் குலுக்கலுக்கென்று ஒரு கட்டுத் தாள். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டை எண், வீட்டு எண், கையெழுத்து. கீழே பொடி எழுத்தில் மலாய். அம்மாக்கண்ணு ஒன்றை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டினாள். பாதி புரியவில்லை. 'பெர்செத்துஜுவான்' என்ற ஒரு சொல் புரிந்தது. சம்மதம். பழைய தாளில் தலைப்பிலேயே இருந்த சொல்.

அவள் மண்டபத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? கூடாரத்துல இடம் பத்தாம எல்லாரும் நனையறாங்க!" குகனேஸ்வரன் ஓடி வந்தான்.

"இதப் படிச்சுச் சொல்லு. சத்தமா."

அவன் படித்தான். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. வீட்டு விவரங்களைக் கம்பெனி எந்தத் தேவைக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்று இருந்தது. "சத்தியமா நான் இதப் படிக்கலம்மா. கம்பெனி அடிச்சுக் குடுத்தது."

"படிக்காமத்தான் புத்தகம் விக்கிறியா?"

கூட்டத்தில் ஒருத்தி சலித்துக்கொண்டாள். "அவ புருஷன் போட்ட கையெழுத்துக்கு நம்ம மழையில நிக்கணுமா?"

முருகையா கூட்டத்தின் ஓரத்தில் தலை கவிழ்ந்து நின்றார். அதைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்குள் எட்டு வருடமாக அடைத்துக் கிடந்தது உடைந்தது.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு. கண்ணாடி வேணும்னு கையப் புடிச்சுப் போட வச்சது நானு. நீங்க அவர ஏசினப்பல்லாம் வாய மூடிக்கிட்டு இருந்தவளும் நாந்தான்." கையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினாள். "இன்னிக்கி ஒருத்தரும் போடக் கூடாது."

குகனேஸ்வரன் எல்லோர் முன்னாலும் கம்பெனிக்காரனைப் போனில் அழைத்து, ஒலியைக் கூட்டி வைத்தான். தாள் இல்லையென்றால் கூடாரமும் நாற்காலியும் திரும்பப் போகும் என்று பதில் வந்தது. அவன் நனைந்து நிற்கிற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"எடுத்துட்டுப் போங்க" என்றான்.

கூடாரம் கழன்றது. அம்மாக்கண்ணு கதவைத் திறந்தாள். லயத்திலிருந்து நாற்காலியும் பாயும் வந்தன. சலித்துக்கொண்டவளே வீட்டுப் பெஞ்சைத் தூக்கி வந்து, "உக்காருங்கண்ணே" என்று முருகையாவுக்குப் போட்டாள். அவர் நாள் முழுக்க அதில் உட்கார்ந்து, மீன் வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்தே முடித்துவிட்டார். வாங்கவில்லை.

ஞாயிறு மாலை குகனேஸ்வரன் விடைபெற வந்தான். "அடுத்த வருசமும் வைக்கலாமாம்மா?"

"எந்தத் தாளா இருந்தாலும் ஒரு மாசம் முன்னாடி குடுத்துரணும். தமிழ்ல."

வேன் மலை இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "இப்பவாச்சும் நல்ல ஆளுன்னு ஒத்துக்கிறீங்களாக்கா?" என்றாள் மலர்.

"ஒரு தடவையில எப்படிலா சொல்றது? மறுபடி வரட்டும், பாப்போம்."