கேம் வந்ததும் அளந்துவிடலாம்

தருமபுரியில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் எனக்கு வேலை. பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகளுக்கு நடுவே முக்காலியை ஊன்றி, மேலே மிஷினைப் பொருத்தி, ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இது வரைக்கும் உங்களுது, அதுக்கு அந்தப் பக்கம் அவங்களுது" என்று சொல்வது என் தொழில். சொல்லி முடித்ததும் இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்டும். அதை மட்டும் அவர்கள் பாகம் பிரித்துக்கொள்வதில்லை.

பகலெல்லாம் இருக்கிற நிலத்தை அளந்துவிட்டு, சாயங்காலம் ஆனால் இல்லாத நிலத்தை அளக்க உட்காருவேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, வரப்போகிற வீடியோ கேம் ஒன்றுக்கு இரண்டு நிமிஷ டிரெய்லர் விட்டது. ஒரு பெண், கூடவே ஒரு நாய், மலை, ஏரி, இடிந்த கோட்டை, தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். ஓப்பன் வேர்ல்டு கேம். கண்ணுக்குத் தெரிகிற எந்த இடத்துக்கும் நடந்தே போகலாம். இந்த வழியாகத்தான் வர வேண்டும் என்று யாரும் விரட்டமாட்டார்கள். நிஜத்தில் எங்கே போனாலும் "யார் நெலத்துல நிக்கறீங்க, தெரியுமாங்க?" என்று கேட்கப்படுகிற எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் இதற்காகக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய் நண்பன் இன்னொருவன். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் மூன்றாவது. மெத்தைக் கடையில் ஒரு டிவி இருந்ததால் அதுவே எங்கள் தலைமையகம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சாம்பிள் மெத்தையில் வரிசையாக உட்கார்ந்து, அந்த இரண்டு நிமிஷத்தை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். அசைந்தால் உறை நொறுநொறுவென்று சத்தம் போடும் என்பதால் மூச்சைக்கூட அளவாக விடுவோம். அந்த நாய்க்கு இடது முன்னங்காலில் வீக்கம் இருப்பதைக் கண்டுபிடித்தது நர்ஸ்தான். "கண்டிப்பா கதையில அது சாகும்ணா, எழுதி வெச்சுக்கங்க" என்றது. இன்னும் பிறக்காத ஒரு நாய்க்காக அன்று மூன்று பேரும் டீ குடிக்காமல் வீட்டுக்குப் போனோம்.

என் பங்கு வரைபடம். கோட்டைச் சுவரின் நிழல் நீளத்தை வைத்து சூரியன் இருக்கும் கோணம், கோணத்தை வைத்து சுவரின் உயரம், அதை வைத்து ஏரியின் அகலம் என்று கணக்குப் போட்டு, அந்த உலகத்துக்கு முறையான புலப்படம் ஒன்று வரைந்தேன். வடக்குக் குறி போட்டேன். சர்வே எண் கொடுத்தேன். ஏரிக்குப் புறம்போக்குகூட ஒதுக்கினேன், நாளைக்கு யாரும் ஆக்கிரமித்துவிடக் கூடாது பாருங்கள். படத்தை இணையத்தில் போட்டதும் எங்கெங்கேயோ இருக்கிற ரசிகர்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கலங்கரை விளக்கம் இன்னும் கிழக்கே இருக்க வேண்டும் என்றான். அவனோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். சொந்த நிலத்து எல்லைக்குக்கூட நான் அப்படிச் சண்டை போட்டதில்லை.

சொந்த நிலத்து எல்லை என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் அப்பா ஏரியூர்ப் பக்கம் மானாவாரியில் நிலக்கடலை போடுகிறவர். குடிதண்ணீர்க் குழாய் புதைக்க வந்த ஜேசிபி, எங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே மூலையில் இருந்த எல்லைக்கல்லைப் பிடுங்கி, வரப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. எல்லை எங்கே என்று தெரியாமல் போனது பதினைந்து அடி அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே வெட்டுக்குத்து. ஆனால் என் அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் வெற்றிலை போட்டுக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அளக்கிற வரைக்கும் அந்தத் துண்டில் இரண்டு பேரும் ஏர் வைப்பதில்லை. யார் அளப்பது?

"வெளியாளு எதுக்குங்க? உங்க பையன் அளக்கட்டும். அவன் சொன்னா எனக்குச் சம்மதம்" என்றாராம் அவர்.

ஊரில் யாருக்கும் கிடைக்காத நற்சான்று அது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். அந்த வரிசையில் சர்வேயர் அப்பனின் நிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்பா போனில் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. "ஒரு கேம் வருதுப்பா. அந்த வாரம் முழுக்க லீவு போடறேன். மொத ரெண்டு நாளு ஊருக்கு வந்து அளந்து குடுத்துர்றேன்" என்றேன்.

"என்ன கேமு?"

விளக்கினேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம், தடுப்பே கிடையாது என்றேன். 

"வேலியே இல்லாத ஊரா? அப்ப அங்க உனக்கு என்னடா வேல?"

சிரித்து வைத்தேன்.

அலுவலகத்தில்தான் பொய் சொன்னேன். முப்பத்தைந்து வயதுக்காரன் வீடியோ கேம் விளையாட லீவு கேட்டால் என் முதலாளி என்னையே அளந்துவிடுவார். அதனால் விண்ணப்பத்தில் 'சொந்த நிலத்தை அளப்பதற்காக' என்று எழுதினேன். நாற்பது வருஷமாக நிலம் அளக்கிற மனுஷன் அதைப் படித்துவிட்டு எழுந்து நிற்காத குறை. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

கேம் வரவில்லை. இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது என்று கம்பெனி அறிவித்து, தேதியை எட்டு மாதம் தள்ளி வைத்தது. கேம் வராத வாரத்தில் எனக்கு லீவு எதற்கு? "பக்கத்து நெலத்துக்காரர் ஊர்ல இல்லீங்க" என்று முதலாளியிடம் சொல்லி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினேன். அளவையும் எட்டு மாதம் தள்ளிப் போனது. அடுத்த தேதியும் தள்ளிப் போனது. இந்தத் தடவை பக்கத்து நிலத்துக்காரருக்கு மூட்டுவலியை வரவழைத்தேன். "பாவம்பா" என்றார் முதலாளி. அந்த மனிதர் அப்போது ஏரியூர்ச் சந்தையில் கிடாய் வாங்கிக்கொண்டிருந்திருப்பார்.

இப்படி மூன்று ஆடி போனது. மூன்று ஆடியிலும் அந்தத் துண்டைத் தவிர மற்ற இடத்தில் விதைத்தார்கள். அப்பா ஒரு தடவைகூட என்னை விரட்டவில்லை. அவருக்கு அவசரம் இல்லை என்று நான் சௌகரியமாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கம்பெனி முக்கிய அறிவிப்பு வெளியிடப் போவதாகச் சொன்னது. ஒரு சாயங்காலம் மெத்தைக் கடையில் கூடினோம். நண்பன் கடைக்கு வந்தவர்களை "தலகாணி நாளைக்கு வாங்கிக்கலாம்ங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். திரையில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். முகத்தில் அவ்வளவு துக்கம். எங்கள் பொறுமைக்கு நன்றி சொன்னார். நன்றி சொன்னவுடனேயே தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷக் கடைசி.

நண்பன் ரிமோட்டை மெத்தை மேல் போட்டான். "தேதி சொல்றப்பவே இன்ஷா அல்லான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த நெலம வந்திருக்குமா மச்சி?" என்றான். நர்ஸ் போனில் டூட்டி லிஸ்ட்டைத் திறந்து பார்த்தது. கேம் வருகிற வாரத்தில் லீவு கிடைப்பதற்காக மற்றவர்களின் தீபாவளி டூட்டி, பொங்கல் டூட்டி எல்லாம் பார்த்துக் கொடுத்திருந்தது அது.

என் போன் அடித்தது. அப்பா.

"தள்ளிப் போட்டுட்டானுங்களாமே சாமி?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறிவிப்பு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "உனக்கு எப்படிப்பா தெரியும்?"

"பக்கத்து வூட்டு மருமவப் புள்ள போன்ல பாத்துச் சொல்லுச்சு. நானும் பக்கத்து நெலத்துக்காரரும் சாயங்காலத்துல இருந்து இங்கதான் ஒக்காந்திருக்கறோம். விடு, மனச உட்றாத. முத்தறதுக்கு முன்னாடி புடுங்குனா கடலக்கா பொக்காத்தான் இருக்கும். நல்லா செஞ்சு குடுக்கட்டும். வராமயா போயிரும்?"

எனக்கு ஆறுதல் சொல்கிறார். மூன்று வருஷமாக அந்தப் பெண், கேமைப் பற்றிய சேதியை எல்லாம் படித்துச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. நாயோடு நடக்கிற அந்தப் படத்தை இரண்டு பேரும் நாலைந்து தடவை பார்த்தார்களாம். "ஏரி நல்லாத்தான் இருக்குது" என்றார் அப்பா. நாங்கள் மூன்று பேர்தான் மாவட்டத்திலேயே பெரிய ரசிகர்கள் என்று நினைத்திருந்தேன். எங்களைவிட நம்பிக்கையோடு இரண்டு பேர், ரிமோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள், ஏரியூரில் வாசலில் உட்கார்ந்து அந்த கேமுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அது வந்தால்தானே நான் அளக்க வருவேன்!

போனை வைத்தபின் வெகுநேரம் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

இருந்தும் பழக்கம் விடவில்லை. மறுநாள் காலையில், இந்தத் தடவை பக்கத்து நிலத்துக்காரருக்கு என்ன வியாதி கொடுக்கலாம் என்று யோசித்தபடியேதான் முதலாளி முன்னால் போய் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன் அவர் மிஷின் பெட்டியை மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"இந்த மாச லீவுக்கு நம்ம மிஷினையே எடுத்துக்கிட்டுப் போ. அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லன்னா கட்டிலோட தூக்கியாந்து வரப்புல போட்டுட்டு அள. இந்தத் தடவையும் முடியலன்னா சொல்லு, நானே வந்து அளந்து தர்றேன்."

போகாமல் இருக்க வழியே இல்லை. என் பொய்யே என் கழுத்தைப் பிடித்து பென்னாகரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

லீவு தொடங்கிய அன்று விடிந்ததும் நிலத்துக்குப் போனோம். அப்பாவும் பக்கத்து நிலத்துக்காரரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தத் துண்டில் இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் பூத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் உழுது வைத்திருந்த செம்மண். மற்ற மூன்று மூலைக்கற்களும் இருந்ததால் புலப்படத்தை வைத்து, காணாமல் போன கல்லின் இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமே இல்லை. முளைக்குச்சி அடித்தேன். கயிறு பிடித்தேன். மூன்று வருஷம் காத்திருந்த வேலை, டிபனுக்கு முன்னால் முடிந்தது.

பதினைந்து அடியில் மூன்று அடி அவருடையது. மிச்சமெல்லாம் எங்களுடையது.

"அப்ப மூணு வெள்ளாம சும்மா உட்டுட்டீங்களே" என்று பக்கத்து நிலத்துக்காரர்தான் வருத்தப்பட்டார். அப்பா சிரித்தார். "பையன் வர்றப்ப வரட்டும்னுதான இருந்தோம். இப்ப என்ன போச்சு?" என்றார். குனிந்து ஒரு பார்த்தீனியச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டார்.  மிஷினுக்குள் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அளக்க அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

பக்கத்து வீட்டு மருமகள் தூக்குப்போசியில் டீ கொண்டு வந்தது. போனை இடுப்பில் செருகியிருந்தது. அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே அந்தக் கேமு எப்ப வந்தாலும் நீ நிம்மதியா ஆடு சாமி. இங்க வரணும்னு ஒண்ணும் இல்ல."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நீயும் இனிமே அந்தச் சேதிய பாக்க வேணாம்மா. வேல முடிஞ்சிருச்சு" என்றார்.