அக்கா தண்ணீரில் இறங்கியது பிள்ளைகளைத் தூக்கத்தான்

அக்கா போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பலர் அக்கா உயிரை மாய்த்துக்கொண்டதாகவே இன்னும் நம்புகிறீர்கள். அது உண்மையல்ல. தம்பியாகிய நான் நடந்ததை எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

செந்துறைக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அப்பா சீக்கிரமே காலமானார். அக்கா பருத்தி எடுக்கப் போய்க்கொண்டே படித்தார். அரியலூருக்குப் பஸ்ஸில் போய்வந்து கணிதத்தில் பட்டம் வாங்கி, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். கணக்கு வராத பிள்ளையை மக்கு என்று யாரும் சொல்ல விடமாட்டார்.

பிறகு ஒரு வருடம் முடங்கிப்போனார். குளிக்கக்கூட எழவில்லை. செய்வினை என்றார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கும் போய் வேண்டிக்கொண்டோம். ஒரு டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். அக்கா எழுந்தார், மறுபடி பள்ளிக்கும் போனார். எழுந்தவர் அடங்கவே இல்லை. தூக்கம் போனது, பேச்சு ஓடியது. நம் மண்ணில் கடல் இருந்த காலத்துக் கிளிஞ்சல் கல்லாகிக் கிடக்கிறதல்லவா, அந்தப் பழைய கடல் திரும்பி வருகிறது என்றார். ஒரு காலையில் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியின் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். நான் ஓடிப்போனபோது கைப்பிடிச் சுவரோரம் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள்.

"சீக்கிரம் மேல வாடா. தண்ணி சத்தம் ஒனக்குக் கேக்கல?"

"வந்துட்டேன்க்கா. என் கையப் புடிச்சுக்க."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் வேலை போனது.

பெரம்பலூரில் மனநல மருத்துவர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். "இது இருமுனை மனநோய்ங்க. மனசு ஒரேயடியா எறங்கும், ஒரேயடியா ஏறும். ரொம்ப ஏறுனா இல்லாதது கேக்கும், தெரியும். சோர்வு மாத்திரை மட்டும் குடுத்தா சில பேருக்கு இப்படி ஏறிடும். அவங்க பொய் சொல்லல. அவங்களுக்கு அது நெசம்." வார்டில் சேர்த்தோம். பிரமையை அடக்க ஒரு மாத்திரை, மனநிலை ஏறி இறங்காமலிருக்க லித்தியம், அதற்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. மெல்லத் தெளிந்த அக்கா ஒரு நாள் சொன்னார்: "தண்ணிச் சத்தம் நின்னுபோச்சுடா. ஆனா நான் பட்ட பயம் பொய்யில்ல."

அதன்பின் நல்ல வருடங்கள். வீட்டிலேயே டியூஷன் எடுத்தார். மாத்திரையால் கை நடுங்கியது. "போர்டுல ஒரு கோடு நேரா வரலடா. பிள்ளைங்க சிரிக்குதுங்க" என்றார். அளவை மாற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதற்குள் அக்கா யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

தூக்கம் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். "இன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார் மருத்துவர் போனில். வழியில் கத்தினால் என்ன செய்வது என்று ஆட்டோக்காரர்கள் தயங்கினார்கள். அம்மா அக்காவின் காலில் விழுந்தார். "ஒரே ஒரு மாத்திரை போட்டுக்க சாமி." அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து மாமா கார் எடுத்து வந்தார். வாசலில் அவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கொல்லைப்பக்கமாகப் போய்விட்டார்.

சுண்ணாம்புக்கல் வெட்டிய பழைய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பார்த்திருக்கிறார். "பிள்ளைங்க முழுவுதுங்க, வாங்கய்யா" என்று அவரையும் கூப்பிட்டிருக்கிறார் அக்கா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறார். அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை. சாகப் போகிறவர் உதவிக்கு ஆள் கூப்பிடுவாரா? அக்காவை நோய் கொண்டுபோனது. மாரடைப்பு வந்து போனவரைப் பற்றி எப்படிப் பேசுவீர்களோ, அப்படியே அக்காவைப் பற்றியும் பேசுங்கள். அம்மாவின் காதுபட வேறு பேச்சு வேண்டாம்.

நீந்தத் தெரியாவிட்டாலும் கழுத்தளவு இறங்கித் தேடிய அந்தப் பெரியவருக்கும், உடலை மீட்ட தீயணைப்பு வீரர்களுக்கும், துக்கம் கேட்க வீடு தேடி வந்த மருத்துவருக்கும், அம்மாவைத் தனியே விடாத டியூஷன் பிள்ளைகளின் தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், பெயர் எழுதவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த உறவினர் என்னைத் தனியே கூப்பிட்டார். "என் மவ தூங்கவே மாட்டேங்குது தம்பி. என்னென்னமோ கேக்குதுங்குது. வெளிய சொல்லப் பயமா இருக்கு." அன்று மதியமே பெரம்பலூர் போனோம். அந்தப் பெண் இப்போது தூங்குகிறது.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். வண்டியோடு வருகிறேன்.