திருக்கோகர்ணத்தில் தட்டு மாறிய மாதம்

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை ஏழு மணிக்கு எங்கள் கப்பல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் நங்கூரம் போட்டது. படகில் கரை சேர்ந்து, தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் ரயில் மாறி, நானும் அப்பாவும் புதுக்கோட்டையில் இறங்கியபோது மறுநாள் விடிந்திருந்தது.

"ஊருக்கு வந்துட்டோம் மீனா" என்றார் அப்பா. அவருக்கு அது ஊர். நான் பினாங்கில் பிறந்தவள். அங்கே துறைமுகக் கிடங்கில் மூட்டை சுமந்து, பிறகு கங்காணியாகி, என்னைக் கான்வென்டில் படிக்கவைத்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் முதலில் கையெழுத்துப் போட்டது நான்தான். ஜனவரியில் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் எனக்கு உபாத்தியாயினி வேலை. அதற்கு முன் ஒரு மாத ஓய்வு என்றுதான் புறப்பட்டோம்.

ஸ்டேஷனிலிருந்து திருக்கோகர்ணத்துக்கு இரண்டு மைலுக்கு மேல் இருக்கும். ஜட்காவுக்கு நாலணா. வண்டிக்காரர் தந்த சில்லறையில் அம்மன் காசுகள் கிடந்தன. இந்தச் சமஸ்தானத்துக்கே உரிய சின்னஞ்சிறு செப்புக் காசுகள். நான் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

"செல்லும்மா, பயப்படாதீங்க. ஆனா இங்கிட்டு மட்டுந்தான் செல்லும். திருச்சியில நீட்டுனா சிரிப்பாங்க."

அப்பாவின் அக்காள் வீட்டில் தங்கினோம். பினாங்கில் ஓய்வு என்றால் எனக்குக் கடற்கரைப் புல்வெளியில் நடை, பூப்பந்து, சினேகிதிகளோடு ஒரு படம். திருக்கோகர்ணத்தில் ஓய்வு என்றால் உட்கார்ந்திருப்பது. எழுந்தால் "எங்க ஆத்தா போறே?" என்று அத்தை கேட்பார். வாசலுக்கு என்றால் "வாசல்ல என்ன?" என்பார். தெருப் பெண்கள் சாப்பிட்டுக் கைகழுவியதும் வந்துவிடுவார்கள். பினாங்குக்காரியைப் பார்ப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. பார்க்கப்படுவது என்னுடையது.

"ஒரு வார்த்தை இங்கிலீசு பேசேன் ஆத்தா."

"குட் மார்னிங்."

"அம்புட்டுத்தானா? இதுக்கா பத்து வருசம் படிச்சே?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பாடத்தையே ஒப்பித்துக் காட்டினேன். ஒருத்திக்குக் கொட்டாவி வந்தது.

என் தவிப்பைப் பார்த்து அப்பா ஒருநாள் கோட்டைப்பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். சமஸ்தான எல்லையைத் தாண்டி நாற்பது மைலுக்குக் குறையாத பஸ் பயணம். கார்த்திகைக் காற்றுக்கு நாட்டுப்படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். பினாங்கு எந்தத் திசை என்று கேட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் கையைச் சும்மா கிழக்கே வீசினார். அங்கேயே நின்றேன். கடைசி பஸ் போய்விடும் என்று அப்பா இழுத்துவந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பக்கத்துத் தெருக் காமாட்சியம்மாள் நான்கைந்து பெண்களோடு வந்தார். பித்தளைத் தட்டில் தேங்காய், வாழைப்பழம், பூ, வெற்றிலை பாக்கு. அவர் மகன் தாசில்தார் கச்சேரியில் குமாஸ்தாவாம். எனக்குப் பூ வைத்துவிட்டு, "தட்டு இருக்கட்டும், பொறவு வாங்கிக்கிறோம்" என்று போனார்கள். எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள், இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன்.

பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் உண்டு. யார் வீட்டுத் தட்டையும் யாரும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். மறுநாள் அத்தை கோயிலுக்கும் அப்பா கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள். நடப்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில், அந்தத் தட்டில் பிஸ்கோத்தும் பினாங்கு ஜாதிக்காய் மிட்டாயும் பரப்பி, அழகுக்கு இரண்டு வெற்றிலையும் வைத்து, காமாட்சியம்மாள் வீட்டுக்கு நானே எடுத்துப்போனேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி யாரையோ கூப்பிட்டார். பெண்கள் ஓடிவந்து குலவை போட்டார்கள். விருந்தாளியை இந்த ஊரில் இப்படித்தான் வரவேற்பார்கள் போலும் என்று நானும் கைகூப்பிச் சிரித்தேன்.

வீடு திரும்பியபோது அத்தை வாசலிலேயே என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

"நாங்க கேக்கத் தயங்குனோம். நீயே போய்த் தட்டு மாத்திட்டியே ஆத்தா! மார்கழிக்கு முன்னாடி முடிச்சுப்புடலாம்."

மாப்பிள்ளை வீட்டுத் தட்டும் பெண் வீட்டுத் தட்டும் கைமாறினால் நிச்சயதார்த்தம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பா, ஸ்கூல்?" என்றேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "இருபது வருசம் கழிச்சு வந்திருக்கேன். அக்கா சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

மறுநாள் காலை காமாட்சியம்மாள் முன்னால் போய் நின்று, பினாங்கு வழக்கத்தைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப நீ வச்சது அக்கம்பக்கத்து மருவாதி?"

"ஆமாங்க."

"நாங்க வச்சது அது இல்லையே."

தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். "எங்க மவன்கிட்ட என்ன கொறையாம்?" என்றார்.

"குறை ஒண்ணும் இல்லைங்க. அவரை நான் பார்த்ததே இல்லைங்க."

உள் அறையில் ஓர் ஆண் குரல் சிரித்தது. "விடுங்க ஆத்தா. மிட்டாயில பாதிய நான் தின்னுட்டேன். அதை மட்டும் திருப்பிக் கேக்காம இருக்கட்டும்."

அவருக்குச் சிரிப்பு. அவர் தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது. "குலவைச் சத்தம் தெருப்பூரா கேட்டுச்சே. நான் எப்புடித் தலைகாட்டுறது?"

"தப்பு என்னுடையதுன்னு நானே சொல்லிடுறேங்க" என்றேன். சொன்னேன். இரண்டு தெருவிலும் வீடு வீடாக ஏறிச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி மட்டும், "படிச்ச பொண்ணுக்குத் தட்டுத் தெரியலையாக்கும்" என்றாள். அது என்னைக் குத்தியது. இன்றும் குத்துகிறது.

அதன்பின் அத்தை எனக்குச் சோறு போட்டார், பேசவில்லை. கடைசிக் காலத்துக்கென்று ஊரில் ஒரு மனை பார்த்துவைத்திருந்த அப்பா, அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மார்கழி பிறக்குமுன் புறப்பட்டோம். ஸ்டேஷனுக்கு யாரும் வரவில்லை. பினாங்கில் கப்பலேற்றிவிட எங்கள் வரிசையே வந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஆனால் தட்டைத் திருப்பித் தந்ததற்காக அங்கே யாரும் என்னை மருமகளாக்கிக்கொள்ள நினைத்ததில்லை. என்னை இழந்ததற்காக யாரும் அழுததுமில்லை. எது நல்ல ஊர் என்று ரயிலில் எண்ணி எண்ணிப் பார்த்தேன், முடிவுக்கு வரமுடியவில்லை. நாகப்பட்டினம் வரை அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

துறைமுகத்தில் பிரயாணிகளை விசாரித்துக்கொண்டிருந்த குமாஸ்தா தலைநிமிராமல் கேட்டார். "சொந்த ஊர்?"

"திருக்கோகர்ணம்" என்றார் அப்பா.

"உங்களுக்கு, அம்மா?"

"பினாங்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே குடும்பமா நீங்க?"

"ஒரே குடும்பந்தாங்க" என்ற அப்பா, என் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடந்தார்.